மானுடக் கல்வி: ஊவாத் தோட்டப்புற வரலாறு

மானுடக் கல்வி என்பது 14, 15ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலிய நகரங்களில் உருவான படிப்பு மரபு. இலக்கணம், சொற்கலை, கவிதை, வரலாறு, அறவியல் ஆகிய ஐந்தையும் சேர்த்து அங்கே ‘ஸ்டூடியா ஹ்யூமானிட்டாட்டிஸ்’ என்றார்கள். இன்றைய கலைப்பீடங்களுக்கு மூதாதை அதுதான். தமிழில் இதை ‘மனிதநேயம்’ என்று எழுதிவிடுகிறோம். அது இரக்கத்தைக் குறிக்கும் சொல், இதுவோ எழுத்தோடு மல்லுக்கட்டும் வேலையைக் குறிப்பது. இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளையிலும் அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் இந்த வேலை எப்படி வந்தது, யார் கையில் இருந்தது என்பதே இப்பதிவின் பொருள்.

இத்தாலியில் அது தேடலாகத் தொடங்கியது. பெத்ரார்க் 1345இல் வெரோனாவில் சிசரோவின் கடிதங்களைக் கண்டெடுத்தார். போஜ்ஜோ பிராச்சோலினி 1416இல் சென் காலன் மடத்தில் குவிண்டிலியனின் முழு நூலையும், மறு ஆண்டு லுக்ரேஷியஸின் காவியத்தையும் மீட்டார். தேடியதை அடுத்து வந்தது சோதனை. மேற்கு ரோமப் பேரரசைப் பாப்பரசருக்கு எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்பட்ட கான்ஸ்டன்டைனின் சாசனம் போலி என்று லொரென்சோ வல்லா 1440இல் நிறுவினார். அவருக்கு உதவியது வாளோ வழக்கறிஞரோ அல்ல, சொல். சாசனத்தில் ‘சத்ரப்’ என்ற பாரசீக ஆளுநர் பதவிப் பெயர் வருகிறது. நான்காம் நூற்றாண்டு ரோமில் அதை யார் எழுதியிருப்பார்கள் என்று கேட்டார். விட்டோரினோ தா ஃபெல்த்ரே 1423இல் மாந்துவாவில் தொடங்கிய பள்ளியில் சிற்றரசர் பிள்ளைகளோடு ஏழைப் பிள்ளைகளும் கட்டணமின்றிப் படித்தார்கள்.

அதே மாந்துவாப் பகுதியில் 1680இல் பிறந்தவர் கொன்ஸ்தான்சோ பெஸ்கி, நம் வீரமாமுனிவர். அவர் சேர்ந்திருந்த இயேசு சபையின் 1599ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் இலக்கணம், மானுடம், சொற்கலை என்றே வகுப்புகளுக்குப் பெயர் வைத்திருந்தது. அந்தப் பயிற்சியோடு தமிழகம் வந்தவர் தேம்பாவணி பாடினார். 1732இல் சதுரகராதி தொகுத்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். ஆனால் ஊவாவை எண்ணிப் பார்க்கும்போது அவருடைய கொடுந்தமிழ் இலக்கணமே பெரிதாகத் தெரிகிறது. செந்தமிழுக்கு இலக்கணம் செய்தவர் பலர். தெருவில் பேசும் தமிழுக்கும் விதி உண்டு என்று உட்கார்ந்து எழுதியது அபூர்வம்.

ஊவாவுக்கு இத்தாலி நேரடியாக வந்தது துறவிகள் வழியாக. 1231இல் ஃபப்ரியானோ நகருக்கு அருகே தோன்றிய சில்வெஸ்திரோ பெனடிக்டின் சபையினர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கை வந்தார்கள். (ஃபப்ரியானோ காகிதத்துக்குப் பேர்போன ஊர், மானுடக் கல்வியைச் சுமந்தது அந்த மாதிரிக் காகிதந்தான்.) 1886இல் மறைமாவட்டமான கண்டி அவர்கள் பொறுப்பில் இருந்தது, பதுளையும் அதில் அடக்கம். 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது, கண்டி ஆயராக இருந்த இச்சபைத் துறவி லியோ நாணயக்கார கண்டியை விட்டுப் பதுளைக்கு வந்து 1982இல் இறக்கும்வரை ஆயராக இருந்தார். ஹப்புத்தளைக்கு மேலே, சர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1931இல் கட்டி முடித்த அடிஷாம் மாளிகையும் 1960களில் சபையின் மடமாயிற்று. வில்லியர்ஸின் நூலகம் இன்னும் அங்கே இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதை எட்டிப் பார்த்துவிட்டு ஜாம் போத்தலோடு இறங்குகிறார்கள். ஆடம்பரமான அலமாரிதான்; ஆனால் கீழே மலைச்சரிவில் கொழுந்து பறித்தவர்களின் கண் அந்தப் புத்தக முதுகுகளில் பட்டிருக்க வழியில்லை.

கீழே இருந்த கல்வி வேறு. ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவிக்கும் கடமையைத் தோட்டத் துரைமார் மீது சுமத்தியது 1907ஆம் ஆண்டுச் சட்டம். 1920இன் சட்டம் அதை இறுக்கியது. நடைமுறையில் ஒரே கூடம், ஒரே ஆசிரியர். பத்து வயது தாண்டினால் பிள்ளைக்குக் கொழுந்துக் கூடையோ மண் கிளறும் முள்ளோ காத்திருந்தது. எழுத்து கற்ற தொழிலாளி துண்டில் ஏறும் பேரை, அதாவது தன் கூலி நாள்களை, கணக்குப் பார்ப்பான் என்ற அச்சம் துரை பங்களாக்களில் இருந்ததில் வியப்பில்லை. 1945இன் இலவசக் கல்வி தோட்ட வேலிக்கு வெளியே நின்றது. தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான்.

ஆகவே ஐந்து பாடங்களில் சொற்கலை மட்டும் பள்ளிக்கு வெளியே, கூட்ட மேடையில் கற்கப்பட்டது. 1921இல் ‘தேசநேசன்’ இதழ் நடத்திய கோ. நடேசய்யர் துண்டுப் பிரசுரமும் பேச்சுமாக மலைநாட்டில் அலைந்தார். அவர் மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடினார். 1940இல் பதுளைப் பகுதியின் வெவெஸ்ஸத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின் முடிவில், தொழிலாளர் தேர்ந்தெடுத்த குழுவைத் துரை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டால் மட்டும் வாய் திறந்தவர்கள் தம் பக்க நியாயத்தை அடுக்கிச் சொல்லக் கற்றிருந்தார்கள். 1947 தேர்தலில் பதுளைத் தொகுதியின் உறுப்பினரானார் இலங்கை இந்திய காங்கிரசின் எஸ். எம். சுப்பையா.

மறு ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் வல்லாவின் கலையைத் தலைகீழாக்கியது. வல்லா அதிகாரத்தின் ஆவணத்தைச் சோதித்தார். இங்கே அதிகாரம், ஆவணமே இல்லாதவர்களைச் சோதித்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள். தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து அங்கேயே மண்ணான தலைமுறைகளிடம் எந்தக் காகிதம் இருக்கும்? இருந்த பதிவிலும் கிளாக்கர் காதில் விழுந்தபடி பெயர் இருக்கும். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. நாடற்றவர் என்ற நிலை சட்டத்தில் பெரும்பாலும் தீர்ந்தது 2003இல்.

அந்தக் கோச்சியில் போனது ஆட்கள் மட்டுமல்ல. தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் மாசி மாதக் காமன் கூத்தின் பாட்டு வரிசையும் பலருடைய நினைவில் மட்டுமே இருந்தவை. ஏட்டில் இல்லாத நூலுக்கு மடத்து அலமாரி கிடையாது. கிழவி ஒருத்தி இந்தியக் கரையில், மண்டபம் முகாமில் இறங்கினால் ஒரு சுவடி கடல் தாண்டியதாகக் கொள்ளலாம். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையருக்கும் சி. வை. தாமோதரம்பிள்ளைக்கும் செல்லரித்த ஓலையாவது கிடைத்தது. மலையகத்துக்கு அச்சில் முதலில் கிடைத்தது 1869இல் ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’. அது உழைப்பவர் பாட்டு அல்ல, தோட்டத்தின் பக்கம் நின்று பாடியது. உழைப்பவர் பாட்டைத் தேடித் தொகுத்தவர் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலை உறுப்பினராக நாடாளுமன்றம் போனவர்; அவருடைய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் வெளிவந்தது, மறு ஆண்டு மறைந்தார். அவர் ஊவாக்காரர் அல்லர். என்றாலும் ஆள் மாறி ஆள் தோட்டம் விட்டுத் தோட்டம் போன பாட்டுக்கு மாகாண எல்லை ஏது? பெயரும் ஊரும் அற்ற பாட்டைக் கேட்டு, பாடபேதம் பார்த்து எழுதிய அந்த வேலையை போஜ்ஜோவின் வேலைக்கு அருகே வைப்பதில் மிகையில்லை. ரோமில் படித்த தனிநாயகம் அடிகள் சங்க இலக்கியத்தின் மானுடத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னார். லயத்துப் பாட்டில் உள்ளதை எடுத்துச் சொல்ல அப்படி ஒருவர் இன்னும் வரவில்லை.

காமன் கூத்தைப் பழக்கும் மாஸ்டரின் கொப்பி இப்பகுதித் தோட்டங்களில் இன்று காணக்கூடிய சுவடி. பள்ளிக் கொப்பியில் பேனாவால் எழுதியது. முந்திய மாஸ்டரிடம் பார்த்து எழுதியதில் சில அடி விட்டுப்போயிருக்கும், சில அடி புதிதாக ஏறியிருக்கும். இரண்டு கொப்பியை அருகருகே வைத்து ஒப்பிட்டால் எது மூத்தது என்று சொல்லிவிடலாம். அதற்கு வேண்டிய பயிற்சிதான் மேலே சொன்ன ஐந்து பாடங்களும்.

பதுளையில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. விலங்கு விஞ்ஞானமும் ஏற்றுமதி விவசாயமும், விஞ்ஞானமும் தொழில்நுட்பமும், முகாமைத்துவம் என்று பீடங்கள் அமைந்தன. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் அங்கே பட்டம் உண்டு. இவற்றில் கலைப்பீடம் இல்லாததால், தமிழும் வரலாறும் படிக்க நினைக்கும் பதுளை மாவட்டத்து மடுல்சீமைப் பிள்ளை பேராதனைக்கோ மட்டக்களப்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ் ஏறுகிறது.