முதல் நொடி மூச்சு: நிலை வகுக்கும் விதிக்கு உரை

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாவது, சி.ஓ.பி.டி. என மருத்துவர் வழங்குவது. அதன் நிலைகளை மூச்சளவால் வகுக்கும் விதி, 2001இல் முதலறிக்கை வெளியிட்ட ‘கோல்டு’ என்னும் உலக அமைப்பு பின்னர்ச் செப்பஞ்செய்து தந்தது. அதன் கருத்து தமிழில் வருமாறு:

விரிமருந்தின் பின்னர், வலிந்து ஊதிய முழுமூச்சில் முதல் நொடிப் பங்கு 0.7இன் குறையின் அடைப்பு உண்டு. உண்டாயவழி, அம்முதல் நொடியளவே அவரவர்க்குரிய அளவில் 80 விழுக்காடும் மேலும் ஒன்று, 50 முதல் இரண்டு, 30 முதல் மூன்று, அதனிற் கீழ் நான்கு.

விரிமருந்தின் பின்னர் என்பது, சால்பியூட்டமால் 400 மைக்ரோகிராம் உறிஞ்சக் கொடுத்து, 10 முதல் 15 நிமிடம் கழித்து அளக்க என்றவாறு. இச்சொல்லை முதற்கண் வைத்தது இதன் தலைமை நோக்கி. ஆஸ்துமாவில் சுருங்கிய குழல் மருந்தால் பெரும்பாலும் விரியும். இந்நோயில் முழுதும் விரியாது. மருந்துக்கு முன் ஊதியதையே கொண்டு நிலை எழுதின், மீளக்கூடிய இழுப்பினர்க்கு மீளா நோயின் பெயரைச் சூட்டியதாகும். முன் அளவை பயனற்றதோ எனின், அன்று. கோல்டின் 2025ஆம் ஆண்டு அறிக்கை நோயின்மை காண அதனை ஏற்கும். நோயுண்மையை உறுதி செய்வது பின் அளவையே.

வலிந்து ஊதிய என்றதனால், நெஞ்சு நிறைய உள்ளிழுத்து, தயங்காது முழு வலிமையோடு ஊதி, இனி இல்லை என்னுமளவும் விடுதல் பெறப்படும். மெல்லத் தொடங்கின் முதல் நொடியளவு பொய்யாகக் குறையும். இடையில் நிறுத்தின் முழுமூச்சு குறைந்து அடைப்பு மறையும். ஆகலின் குற்றமற்ற ஊதல் மூன்று வேண்டும். அவற்றுள் பெரிய இரண்டும் 150 மில்லிலிட்டருக்கு மேல் வேறுபடலாகாது. கருவி ஒருவர் முயற்சியை அளப்பதாகலின், அருகிருந்து “ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க” என்று ஊக்குவாரும் அளவையின் உறுப்பே என்க.

0.7இன் குறையின் என்றது, பத்துப் பங்கில் ஏழு முதல் நொடியிலேயே வெளிப்படாமை. முதுமையில் இப்பங்கு இயல்பாகவே குறையுமே எனின், உண்மை; முதியோரிடம் நோயை மிகுத்துக் காட்டலும் இளையோரிடம் மறைத்தலும் இவ்வெண்ணுக்கு உண்டு. யாவரும் எளிதிற் கையாளற்பொருட்டு ஓரெண்ணாய் நிறுத்தினர். 0.6க்கும் 0.8க்கும் இடைப்படின் வேறொரு நாள் மீண்டும் அளக்க என்றது அக்குறை நீக்கற்கு.

அடைப்பு உண்டு என்றதன்றி, அடைப்பு எதனால் வந்தது எனக் கூறிற்றிலது. பீடி, சிகரெட்டு என ஓதாமையால், அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் சிமெண்டு ஆலையிலும் தூசி உண்டவரும், பெரம்பலூரின் கல் உடைக்கும் கிரஷர்களில் உழைப்பவரும், விறகடுப்பின் முன் ஆண்டுகள் பல கழித்த, பீடியைத் தொட்டறியாத பெண்டிரும், காசநோய் ஆறித் தழும்புற்ற நுரையீரலரும் இவ்விதியுள் அடங்குவர். “பொம்பளைக்கு ஏது இந்த நோய்” என்று விடுவார்க்கு இவ்விடத்து இடமில்லை.

உண்டாயவழி என்பது இவ்விதியின் உயிர்நிலை. அடைப்பு உறுதியான பின்னரே நிலை வகுக்க என்பது கருத்து. ஒருவர்க்குரிய முதல் நொடியளவு 2.5 லிட்டர் என்க. அவர் முழுமூச்சு 2.4, முதல் நொடி 1.2 ஊதின், பங்கு 0.5, அடைப்புண்டு, 1.2 என்பது 48 விழுக்காடாகலின் நிலை மூன்று. முழுமூச்சு 1.8, முதல் நொடி 1.5 ஆயின், 60 விழுக்காடே வரினும் பங்கு 0.83, ஆகலின் இஃது இரண்டாம் நிலையன்று. நுரையீரலே சுருங்கிய குறி அது. கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் இவ்வாறும் தோன்றலாம். இச்சொல்லை விட்டுப் படிப்பவர் கல்லுழைப்பாளிக்கு வேறொரு நோய்க்கு மருந்தளிப்பர். அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் இப்பிழை பெரிதும் அஞ்சற்பாலது.

அம்முதல் நொடியளவே என்னும் ஏகாரம் பிரிநிலை. முன்னர்க் கூறிய பங்கைக் கொண்டு நிலை வகுத்தலை விலக்கிற்று.

அவரவர்க்குரிய அளவில் என்றது, வயது, உயரம், பால் இவற்றால் எதிர்பார்க்கும் அளவு. பிறநாட்டாரை அளந்த அட்டவணை நம்மவர்க்குப் பொருந்தாமை கண்டே, சென்னையில் நலமுள்ள இளையோரை அளந்து 1990இல் தனியளவுகள் வெளியிடப்பட்டன. உயரத்தைக் கேட்டு எழுதாது அளந்து எழுதுக; பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டைக் காட்டில் குனிந்தே உழைத்து முதுகு வளைந்தவர்க்குக் கைவிரித்த நீளம் கொள்க.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்பன வெளிப்படை. இவ்வெண் அடைப்பின் அளவேயன்றித் துன்பத்தின் அளவன்று. இரண்டாம் நிலையர் இருவருள் ஒருவர் கரும்புக் காட்டில் நாள் முழுதும் நிற்பார். மற்றவர் குடம் தூக்கி நாலடி வைக்குமுன் இளைப்பார். இதுபற்றியே 2011இல் மூச்சுத்திணறலையும் நோய் மூண்டெழும் தடவைகளையும் எழுத்துகளால் வேறாகக் குறித்தனர். 2023இல் அவற்றை ஏ, பி, இ என மூன்றாக்கினர். தொடக்க மருந்தைத் தெரிதல் அவ்வெழுத்தால். ஆகலின் அறிக்கையில் எண்ணும் எழுத்தும் ஒருங்கே எழுதுக என்க.