ஒலியின் திசையைச் சேமித்த கதை

புதுக்கோட்டையிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் குடுமியான்மலை. அங்கே மேலைக்கோயில் என்னும் குடைவரைக் கோயிலை அடுத்த பாறைச் சரிவில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. பாராதவர்கள் ஒரு முறை போய்ப் பார்த்து வாருங்கள். ஏழு பண்டை ராகங்களுக்கு ஏழு பகுதிகள். ஒவ்வொன்றிலும் சுரங்கள் நான்கு நான்காகக் கோக்கப்பட்டுக் கிரந்த எழுத்தில் செதுக்கப்பட்டுள்ளன. எழுத்தின் அமைப்பைக் கொண்டு இது கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். மகேந்திரவர்ம பல்லவன் வெட்டுவித்தான் என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் வெட்டுவித்த அரசனைப் பற்றிக் கல்லில் இருப்பது, அவன் உருத்திராசாரியாரின் மாணவன் என்ற குறிப்புத்தான்.

இசையைச் சேமித்து வைக்க நம் பகுதியில் நடந்த மிகப் பழைய முயற்சி இது எனலாம். இதில் சேமிக்கப்பட்டது என்ன? சுரங்களின் வரிசை. சுரங்களின் பெயர்களில் உயிரொலி மாறி மாறி வருகிறது: ச, சி, சு, செ என்பது போல. அந்த மாற்றம் எதைக் குறிக்கிறது என்பதில் இன்றும் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பாடியவரின் குரல் எப்படி இருந்தது, யாழ் எந்தப் பக்கத்திலிருந்து ஒலித்தது என்பதெல்லாம் கல்லில் ஏறவில்லை. ஏறவும் முடியாது.

இனி இன்றைய வீட்டுக்கு வருவோம். இணையத்தின் வழியே படமும் பாட்டும் கொண்டுவரும் சிறு பெட்டியோ குச்சியோ தொலைக்காட்சியின் பின்னால் செருகப்பட்டிருக்கிறது. அதன் விளம்பரத்தில் ‘ஸ்பேஷியல் ஆடியோ’ என்று போட்டிருக்கிறார்கள். ஒலி முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் தலைக்கு மேலிருந்தும் வருமாம். ஒலியோடு அதன் திசையையும் எப்படிச் சேமித்தார்கள்? அந்தக் கதையை இங்கே பார்ப்போம்.

முதலில் ஒரு சிறு சோதனை. சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள ரப்பர் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளையும் இரு காதுகளின் வாயருகே வையுங்கள். காதுக்குள் அழுத்த வேண்டாம். குழாய் முதுகுப் பக்கமாகத் தொங்கட்டும். நண்பர் ஒருவரை அதன் நடுப்புள்ளியில் பென்சிலால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். ஒலி தலையின் நடுவில் கேட்கும். நடுவிலிருந்து ஒரே ஒரு செ.மீ. வலப்புறம் தள்ளித் தட்டினால் ஒலி வலப்பக்கம் நகர்ந்துவிடும். ஒரு பாதை 1 செ.மீ. குறைந்தது, மற்றது 1 செ.மீ. கூடியது, வேறுபாடு 2 செ.மீ. நம் ஊர் வெயிலில், 30 டிகிரி வெப்பத்தில், ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் செல்கிறது. அப்படியானால் இரு காதுகளையும் ஒலி வந்தடையும் நேர வேறுபாடு ஒரு வினாடியில் சுமார் 17,000இல் ஒரு பங்கு! இவ்வளவு சிறிய இடைவெளியை மூளை அளந்து, அதைத் திசையாக மாற்றி நமக்குக் காட்டுகிறது.

வெளியிலிருந்து வரும் ஒலியிலும் இதுவே நிகழ்கிறது. நேர் வலப்புறத்திலிருந்து வரும் ஒலி இடக்காதை அடையத் தலையைச் சுற்றிச் சுமார் 22 செ.மீ. கூடுதலாகச் செல்ல வேண்டும். அதனால் ஏற்படும் தாமதம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளில் இந்தத் தாமதம் துணை செய்கிறது. உயர்ந்த அதிர்வெண்களில் அலைநீளம் தலையைவிடச் சிறியது. 3500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 10 செ.மீ.தான். அந்த ஒலிக்குத் தலையே ஒரு சுவர். அப்பாலுள்ள காது ‘ஒலி நிழலில்’ அகப்பட்டு, குறைவாகக் கேட்கிறது. இந்த இருவழி விளக்கத்தை 1907இல் முறையாக எடுத்துரைத்தவர் ராலே பிரபு. ஆர்கான் வாயுவைக் கண்டறிந்ததில் பங்கு கொண்டு, 1904இல் நோபல் பரிசு பெற்ற அதே ராலேதான்.

ஆகவே திசை என்பது ஒலிக்குள் இருக்கும் பொருளன்று. அது இரு காதுகளுக்கிடையே பிறப்பது. எடிசன் 1877இல் செய்த ஒலிப்பதிவுக் கருவியில் ஒலியைப் பதிய ஒரே ஊசி; அதாவது ஒரே காது. அதில் திசை பதிவாகாமல் போனதில் வியப்பில்லை.

இரண்டு காது வேண்டும் என்பது நான்கே ஆண்டுகளில் வெளிப்பட்டது. 1881இல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், கிளெமாங் அடேர் என்ற பொறியாளர் ஆப்பெரா அரங்கின் மேடையில் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்தார். கண்காட்சிக்கு வந்தவர்கள் காதுக்கு ஒன்றாக இரண்டு தொலைபேசிக் கேட்பான்களை வைத்துக் கேட்டார்கள். பாடகர் மேடையில் இடமிருந்து வலமாக நடப்பதை உணர முடிந்தது. ஆனால் அது நேரடி அஞ்சல்தான், பதிவு அன்று.

பதிவுக்கு வழி கண்டவர் ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலப் பொறியாளர். திரையில் நடிகர் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகிறார், குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறதே என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டாராம். 1931இல் அவர் அளித்த காப்புரிமை விண்ணப்பத்தில் இன்றைய ஸ்டீரியோ முறையின் அடிப்படை பெரும்பாலும் அடங்கிவிட்டது. இசைத்தட்டின் பள்ளத்துக்கு இரண்டு சுவர்கள் உண்டல்லவா? ஒரு சுவரில் இடப்பக்க ஒலி, மறு சுவரில் வலப்பக்க ஒலி, ஊசி ஒன்றே! எவ்வளவு எளிய தந்திரம் பாருங்கள். புளூம்லைன் 1942இல் ரேடார் சோதனை விமானம் விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 38. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளில் பரவியது 1958ஆம் ஆண்டையொட்டித்தான். தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோ பதிவுக்கு முன்னோடியாக 1978இல் வந்த ‘பிரியா’ படப் பாடல்களைச் சொல்வார்கள்.

இந்த இடைவெளியில் நாம் இழந்தது என்ன என்பதற்குப் புதுக்கோட்டை மிருதங்க மரபிலேயே ஒரு சான்று இருக்கிறது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையின் மரபு அது. அவருடைய சீடர் பழனி முத்தையா பிள்ளையின் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். கச்சேரி மேடையில் மிருதங்கக்காரர் பாடகரின் வலப்புறம் அமர்ந்து பாடகரை நோக்கியிருப்பார்; அப்போதுதான் மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்க்கும். எதிரே, பாடகரின் இடப்புறம் வயலின். இடக்கையால் வலந்தலையை வாசிப்பவர் என்ன செய்வது? பாடகரின் இடப்புறத்துக்கு மாற வேண்டும். வயலின்காரர் வலப்புறம் வர வேண்டும். இந்த மாற்றத்துக்கு வயலின் வித்வான்கள் சிலர் இசையவில்லை. வாசிப்பில் குறை சொல்ல இடமில்லாத ஒருவருக்கு, எந்தப் பக்கம் உட்காருவது என்ற காரணத்தாலேயே தொடக்ககாலத்தில் மேடைகள் கிடைப்பது கடினமாயிற்று. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றோர் அதைப் பொருட்படுத்தாமல் அவரை அழைத்துக்கொண்டார்கள். பின்னாளில் அவர் அடைந்த புகழ் இசையன்பர்கள் அறிந்ததே.

அவருடைய வாசிப்பு ஒலிப்பதிவுகளில் இன்றும் கிடைக்கிறது. எல்லாம் மோனோ, அதாவது ஒற்றைக் காதுப் பதிவுகள். எத்தனை முறை கேட்டாலும் அவர் எந்தப் பக்கம் அமர்ந்திருந்தார் என்று சொல்ல முடியாது. மேடையில் அவ்வளவு தகராறுக்குக் காரணமான அந்த ஒரு செய்தி, நாடாவில் தடயமே இல்லாமல் போய்விட்டது!

ஸ்டீரியோவிலும் ஒரு குறை உண்டு. அது இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு இடைப்பட்ட ஒரு கோட்டைத்தான் தருகிறது. மேலும் கீழும், முன்னும் பின்னும் இல்லை. திரையரங்குகளில் ஒலித்தடங்களை நாலு, ஆறு என்று கூட்டிக்கொண்டே போனார்கள். 2012இல் வந்த ‘டால்பி அட்மாஸ்’ முறையில்தான் வழி மாறியது. இந்த ஒலிபெருக்கிக்கு இந்த ஒலி என்று பிரித்து அனுப்புவதோடு நில்லாமல், ஓர் ஒலியையும் அது இருக்க வேண்டிய இடத்தின் எண்களையும் சேர்த்து அனுப்புகிறார்கள். ‘ஹெலிகாப்டர் ஒலி இது, இப்போது இடப்பக்க மூலையில், மேலே, அடுத்த வினாடி நடுவில்’ என்பது போல. கேட்கும் இடத்திலுள்ள கருவி தன்னிடம் எத்தனை ஒலிபெருக்கிகள், எங்கெங்கே உள்ளன என்று பார்த்து, அதற்கேற்பக் கணக்கிட்டு ஒலியைப் பங்கிடுகிறது. 2007ஆம் ஆண்டின் ‘சிவாஜி’ படத்தை 2012 டிசம்பரில் முப்பரிமாணமாக மாற்றி வெளியிட்டபோது இந்த ஒலிமுறையையும் சேர்த்தார்கள். பின்னர் இதே முறை வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

கூர்ந்து நோக்குங்கள். இது குடுமியான்மலைக்குத் திரும்பிய கதையல்லவா? கல்லில் உள்ளது ஒலியன்று, வாசிப்பவருக்கான குறிப்பு. அட்மாஸில் ஒலியோடு குறிப்பும் வருகிறது. அந்தக் குறிப்பைப் படித்து ‘வாசிப்பது’ உங்கள் வீட்டுப் பெட்டி. ஆகவே ஒரே படம் இரண்டு வீடுகளில் ஒரே மாதிரி ஒலிக்காது.

இரண்டே குமிழ்களை உடைய காதணி ஒலிபெருக்கியில் பின்பக்க ஒலி எப்படி வருகிறது? அதற்குச் செவிமடலே விடை. அதன் மடிப்புகள் மேலிருந்து வரும் ஒலியையும் பின்னாலிருந்து வரும் ஒலியையும் வெவ்வேறு விதமாகத் திரிக்கின்றன. அந்தத் திரிபைக் கணக்கிட்டு முன்கூட்டியே ஒலியில் ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் கணக்கு யாருடைய காதுக்கு? பெரும்பாலும் ஒரு சராசரிக் காதுக்கு! அதனால்தான் சிலருக்கு முன்னால் கேட்க வேண்டியது பின்னால் கேட்கிறது. இயற்கையில் இந்தக் குழப்பம் வந்தால் தலையைச் சற்றுத் திருப்பித் தெளிவு பெறுகிறோம். தலை திரும்புவதை உணரும் காதணிகளும் இப்போது வந்துவிட்டன. நீங்கள் திரும்பினாலும் ஒலி திரையோடு ஒட்டியே நிற்கும். (ஒரு காது மட்டும் கேட்கும் அன்பர்களுக்கு இவை எதுவும் பயன்படா. அவர்கள் கைப்பேசியின் அமைப்புகளில் ‘மோனோ’ என்பதைத் தேர்ந்துகொள்வது நல்லது. இல்லையேல் ஒரு பக்கத்து ஒலி முழுவதும் தவறிப்போகும்.)

கையில் இருக்கும் ரிமோட்டுக்கும் ஒலிக்கும் பழைய உறவு உண்டு. 1956இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்துக்காக ராபர்ட் அட்லர் அமைத்த ரிமோட்டில் மின்கலமே கிடையாது. பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு சுத்தி அலுமினியத் தண்டைத் தட்டும். தண்டின் நீளம் 6 செ.மீ.க்குச் சற்று அதிகம். அலுமினியத்தில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 5000 மீட்டர். வேகத்தைத் தண்டின் நீளத்தைப் போல் இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 40,000 ஹெர்ட்ஸ் வரும். மனிதர் காதுக்கு எட்டாத மீயொலி இது! தொலைக்காட்சிப் பெட்டிக்கு மட்டும் கேட்கும். சாவிக்கொத்தைக் குலுக்கினாலும் சில சமயம் சேனல் மாறிவிடுமாம். பின்னர் அகச்சிவப்புக் கதிர் வந்தது. இன்றைய அகச்சிவப்பு ரிமோட்டுகளின் ஒளியும் வினாடிக்குச் சுமார் 38,000 முறை சிமிட்டுவது ஒரு வேடிக்கையான ஒற்றுமை. ஸ்ட்ரீமிங் பெட்டிகளின் ரிமோட்டுகள் பலவும் இப்போது ரேடியோ அலைக்கு மாறிவிட்டன. 2013இல் வந்த ‘ரோக்கு 3’ பெட்டியின் ரிமோட்டிலேயே காதணியைச் செருகும் துளை இருந்தது. வீட்டில் மற்றவர் உறங்க, ஒருவர் மட்டும் படத்தின் ஒலியைக் கேட்கலாம். ஒரு காலத்தில் ஒலியை அனுப்பிய கருவி, ஒலியைப் பெறும் கருவியாயிற்று.

இனி ஒரு கேள்வி. பழைய பதிவில் கலந்து கிடக்கும் குரலையும் கருவிகளையும் கணிப்பொறியால் தனித்தனியே பிரிக்க இப்போது முடிகிறது. பீட்டில்ஸ் குழுவின் 1966ஆம் ஆண்டு ‘ரிவால்வர்’ தொகுப்பை 2022இல் இவ்வாறு பிரித்து, மறுபடி கலந்து வெளியிட்டார்கள். நாளை நம் பழைய கச்சேரிகளுக்கும் இது நடக்கும். பழனி சுப்பிரமணிய பிள்ளை வாசித்த பதிவு ஒன்றைப் பிரித்து எடுத்த பிறகு, மிருதங்கத்தை எந்தப் பக்கம் வைப்பது? பதிவில் விடை இல்லை. மற்றக் கச்சேரிகளைக் கண்ட பழக்கத்தால் கணிப்பொறியோ, விவரம் அறியாத பொறியாளரோ அதைக் கேட்பவரின் இடப்பக்கம் வைத்துவிடக்கூடும். அப்படிச் செய்தால் பதிவு துல்லியமாக இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும். அவர் மேடையில் சபையோரின் வலப்பக்கம் அமர்ந்தவர். வயலினை இடப்பக்கமும் மிருதங்கத்தை வலப்பக்கமும் வைக்க வேண்டும்.