ஹவ் டு நேம் இட்?

திரைப்பட இசையமைப்பாளர் இளையராஜா (பிறப்பு 1943) 1986இல் வெளியிட்ட கருவியிசைத் தொகுப்பு. கர்நாடக இசைமேதை தியாகராஜருக்கும் (1767–1847) ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் (1685–1750) காணிக்கையாக்கப்பட்டது. ஒருவர் மறைந்து 17 ஆண்டுகள் கழித்தே மற்றவர் பிறந்தார்.

பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். 1976இல் ‘அன்னக்கிளி’ படத்துக்கு இசையமைத்தார். 1985இல் ‘சிந்து பைரவி’ படத்துக்காகத் தியாகராஜரின் காம்போதி ராகக் கிருதியான ‘மரி மரி நின்னே’யைச் சாரமதியில் அமைத்தார், அதற்கு மறுப்பும் இருந்தது, தேசிய விருதும் கிடைத்தது.

தொகுப்பில் உள்ளவை 10 உருப்படிகள். தனி வயலின் வி. எஸ். நரசிம்மன், இளையராஜாவின் திரையிசைக் குழுவில் நெடுநாள் வாசித்தவர், பின்னாளில் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டைத் தொடங்கியவர். கர்நாடக வயலினில் ஒரு சுரத்தின் உயிர் அதன் கமகத்தில், அதாவது அசைவில், இருக்கிறது. பல குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நகரும் மேற்கத்திய முறையிலோ ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் நின்றாக வேண்டும். இவ்விரண்டையும் ஒரே வில்லில் வாங்கத் தெரிந்த கலைஞர் வாய்த்திராவிட்டால் இம்முயற்சி தாளோடு நின்றிருக்கும்.

‘மேட் மாட் மூட் ஃபியூக்’ ஃபியூக் வடிவத்தைத் தலைப்பிலேயே அறிவிக்கிறது: ஒரு குரல் எடுத்த மெட்டை அடுத்தடுத்த குரல்கள் முறைவைத்து வாங்கிச் செல்வது இவ்வடிவம். அதிகம் பேசப்படுவது ‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’. தனி வயலினுக்கான பாஹின் மூன்றாம் பார்ட்டிடாவின் முகப்புப் பகுதி இதற்கு அடிப்படை; 1720ஆம் ஆண்டிட்ட கையெழுத்துப் படியில் உள்ள இசை அது. மூச்சுவிடாமல் ஓடும் அந்த வயலின் வரியைச் சுற்றி இளையராஜா புதிய வயலின்களைப் பின்னினார். எழுதி முடிந்த ஒன்றின்மேல் கைவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பாஹே 1731இல் இதே பகுதியை ஆர்கனுக்கு மாற்றி, பல்லியத்தையும் சேர்த்து, தம் 29ஆம் கான்டாட்டா எனும் குரலிசைப் படைப்பின் தொடக்கமாக வைத்தார் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். அடுத்த உருப்படி ‘அண்ட் வீ ஹேட் எ டாக்’, அச்சந்திப்பின் தொடர்ச்சி.

இது எவ்வகை இசை என்பதில் ஒத்த கருத்தில்லை. ‘ஃபியூஷன்’ என்பது வழக்கமான பெயர். கர்நாடக ராகங்களில் அமைந்த மேற்கத்திய அறையிசை என்போரும் உளர். திரைக்கு வெளியே வந்த திரையிசையே என்போரும் உளர்.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) பாடல்களே இல்லாத படம். அதன் பின்னணி இசை இத்தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. படத்தில் பாதியில் நிற்கும் செங்கல் சுவர்களோடு இதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, படத்துக்கென்றே எழுதிய இசையாகத்தான் தோன்றும்.

1988இல் ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழலுடன் ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது. 1993இல் லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் குழு வாசித்துப் பதிவான சிம்பொனி வெளிவரவில்லை. அதையொட்டி அவருக்குச் சூட்டப்பட்ட ‘ஆசியாவின் முதல் சிம்பொனி இசையமைப்பாளர்’ என்ற அடைமொழியை அப்படியே கொள்வதற்கில்லை. ஜப்பானின் கோசாகு யமாதா 1912இலேயே சிம்பொனி எழுதியவர். ராயல் பில்ஹார்மோனிக் குழுவுக்கு எழுதிய முதல் ஆசியர் இளையராஜா என்று சுருக்கிச் சொல்வாரும் உண்டு. அவர் இசையமைத்த ‘திருவாசகம்’ 2005இல் வெளியானது. 2025 மார்ச் 8 அன்று அவரது ‘வேலியண்ட்’ சிம்பொனி லண்டனில் அரங்கேறியது.