ஆள் முடிஞ்சுது: ஒற்றை உருட்டலில் வரும் சாவு

1977இல் ட்ரவலர் என்று ஒரு விளையாட்டு வந்தது. எழுதியவர் அமெரிக்கரான மார்க் மில்லர். களம் விண்வெளி. விளையாடத் தொடங்க முதல் உங்கட பாத்திரத்தை நீங்கள் உருவாக்கவேணும். பதினெட்டு வயதில் கடற்படை, தரைப்படை, வணிகக் கப்பல், வேவுப்பிரிவு என்று ஏதாவதொன்றில் ஆளைச் சேர்த்துவிடுவீர்கள். நாலு வருடச் சேவைக்கு ஒருக்கா இரண்டு தாயக்கட்டைகளை உருட்டி, ஆள் உயிரோட இருக்கிறாரா என்று பார்க்கவேணும். வேவுப்பிரிவு என்றால் கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் விழவேணும். உடல் உறுதி கூடினவருக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. மற்றவர்களுக்கு, விழக்கூடிய 36 விதங்களில் 21தான் உயிர். மிச்சம் 15உம் சாவு.

அதாவது கதை தொடங்கவே இல்லை, ஆளுக்கு ஒரு பேர்கூட வடிவா யோசிக்கேல்லை, ஆள் முடிஞ்சுது. தாளைக் கசக்கி எறிஞ்சுபோட்டு இன்னொராளை எழுதவேண்டியதுதான்.

முதல்முறை இதை வாசிச்சபோது நாங்கள் விழுந்து விழுந்து சிரிச்சம். பிறகு ஒரு கேள்வி வந்தது. பாம்பும் ஏணியும் விளையாடேக்க 98இல் பாம்பு கடிச்சால் எரிச்சல் வரும், ஆனால் அந்தக் காய்க்காக ஆரும் துக்கப்படுறதில்லை. எங்கட மேசையில் ஒரு நண்பரின் மந்திரவாதி விஷ ஊசிப் பொறியில் செத்த அன்று ஏன் அரை மணித்தியாலம் ஒருவரும் கதைக்கவில்லை? இரண்டும் கட்டை உருட்டுறதுதானே?

இதை விளையாடாதவர்களுக்கு ஒரு விளக்கம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். செய்யப்போகும் காரியம் நிச்சயமில்லாதது என்றால் கட்டை தீர்மானிக்கும்.

இந்தக் கட்டைகள் வந்தது போர்ப் பயிற்சியிலிருந்து. பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், தன் தகப்பன் தொடக்கிய போர் விளையாட்டைத் திருத்தி 1824இல் விதிகளாக வெளியிட்டார். வரைபடத்தில் படைப்பிரிவுகளை நகர்த்துவார்கள். எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதைக் கட்டையும் அட்டவணையும் சொல்லும். அங்கே சாவு ஒரு கணக்கு. செத்தவனுக்குப் பேர் இல்லை.

1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய செயின்மெயில் விதிகளிலும், பெரிய சண்டைகளில் ஒரு பொம்மை என்றால் இருபது வீரர்கள். பொம்மை விழுந்தால் பெட்டிக்குள் போடுவார்கள். அந்த விதிகளை எடுத்து மினசோட்டாவில் பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டை நடத்திய டேவ் ஆர்னசன்தான் ஒரு பொம்மைக்கு ஒரே ஒரு ஆள், அந்த ஆள் நீங்கள் என்று ஆக்கினார். சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. ஒரு அடி விழுந்தால் சாவு. தாங்கள் ஒரே வெட்டில் பூதத்தைக் கொல்லுறது விளையாடினவர்களுக்குப் பிரச்சினை இல்லை. பூதம் தங்களை ஒரே வெட்டில் கொல்லுறதைத்தான் தாங்கேலாமல் போச்சுது என்று ஆர்னசன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். (நியாயம்தானே!) அவர் ஏற்கெனவே அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக் கப்பல்களுக்காக ஒரு விதி எழுதி வைத்திருந்தார். கப்பல் ஒரு குண்டில் மூழ்காது, அடி சேரச் சேரத்தான் மூழ்கும். அந்தக் கணக்கை மனிசருக்கும் கொடுத்தார். இப்படி வந்ததுதான் ஹிட் பொயின்ற், எங்கட மேசையில் அதை உயிர்ப்புள்ளி என்று சொல்லுவம்.

1974இல் கைகாக்ஸும் ஆர்னசனும் சேர்ந்து டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸை வெளியிட்டார்கள். ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்கள், விலை 10 டொலர், முதல் அச்சு 1000 பெட்டி. உயிர்ப்புள்ளி இருந்தும் அதில் பிழைக்கிறது லேசில்லை. அடுத்த வருடம் வந்த கிரேஹோக் இணைப்பின்படி, புது மந்திரவாதியின் உயிர் நாலுமுகக் கட்டையில் விழும் எண். நீள வாளின் வெட்டு எட்டுமுகக் கட்டையில் விழும் எண். நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தம். வெட்டு ஒன்று பட்டால், 32 விதங்களில் 26இல் மந்திரவாதி அந்த இடத்திலேயே காலி.

விஷம் அதைவிட மோசம். விஷத்துக்கு உயிர்ப்புள்ளி கணக்கே இல்லை. இருபதுமுகக் கட்டையை உருட்டவேணும். தொடக்கநிலை மந்திரவாதிக்கு 13 அல்லது மேலே விழாவிட்டால் சாவு. இருபதில் எட்டு முகம்தான் அவர் பக்கம்.

ஆனாலும் சில பேர் பிழைச்சார்கள். அடுத்த கிழமையும் வந்தார்கள், அதற்கடுத்த கிழமையும் வந்தார்கள். பிழைச்ச ஆளுக்குப் பேர் வந்தது, கடன் வந்தது, எதிரி வந்தான், ஊரில் ஒரு தாய் வந்தாள். இதை ஒருவரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. சாவைக் கொஞ்சம் பிந்தப்பண்ணின விதிதான் காயை ஆளாக்கியது. ஆளான பிறகு அதே பழைய விஷக் கட்டை வந்து விழுந்தால், அது பெட்டிக்குள் போடுற பொம்மை இல்லை. எங்கட மேசையின் அரை மணித்தியால மௌனம் இதிலிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறம்.

வடிவமைத்தவர்களே இதில் ஒரு மனமாக இருக்கவில்லை. 1975இல் வந்த எம்பயர் ஒஃப் த பெற்றல் த்ரோனில், கட்டையில் 20 விழுந்தால் அடி இரட்டிப்பு. அதோடு மறுபடி உருட்டி 19 அல்லது 20 விழுந்தால் உடனடிச் சாவு. எழுதிய எம்.ஏ.ஆர். பார்க்கர் உருது கற்பித்த பேராசிரியர். அவர் புனைபெயரில் ஒரு நவநாஜி நாவல் எழுதியது 2022இல் உறுதியானது. அவருடைய விதியைப் பற்றிக் கதைக்கேக்க அதையும் சொல்லாமல் போக எங்களால் முடியாது.

கைகாக்ஸ் இன்னும் விசித்திரம். 1975இல் ஒரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்கு அவர் கொண்டுவந்த டூம் ஒஃப் ஹொரர்ஸில் சுவரில் ஒரு பச்சைப் பேய்முகம் வாயைத் திறந்தபடி இருக்கும். உள்ளே இருட்டு. நுழைந்தால் ஆள் இல்லாமலே போய்விடுவார். உருட்டித் தப்பக் கட்டைகூடத் தரமாட்டார்கள். அதே மனிசன் 1979இல் நடத்துபவர்களுக்கான கையேட்டில் எழுதுகிறார்: எல்லாவற்றையும் சரியாகச் செய்த ஒருவர் வெறும் கெட்ட உருட்டலால் சாகப்போனால், கையோ கண்ணோ போகட்டும் என்று விட்டு உயிரைக் காப்பாற்றலாம், முட்டாள்தனமாகப் போய் விழுந்தவருக்கு அந்தத் தயவு வேண்டாம். எங்களுக்கு இது முரணாகத் தெரியவில்லை. பேய்வாய்க்குள் போனது உங்கட முடிவு. விஷக் கட்டை ஆரின்ர முடிவும் இல்லை.

வெளியில் இருந்தவர்கள் வேறு விதமாகப் பயந்தார்கள். 1984இல் அமெரிக்காவில் ஜக் சிக் வெளியிட்ட டார்க் டன்ஜன்ஸ் என்ற மதப்பிரசாரச் சித்திரக்கதையில், பாத்திரம் செத்ததும் விளையாடிய பிள்ளையும் உயிரை விடுகிறாள். அதை இப்ப பகிடியாகத்தான் எல்லாரும் பகிர்கிறார்கள்.

பிறகு வந்த பதிப்புகள் சாவுக்கு முன்னால் படிகளைக் கட்டிக்கொண்டே போயின. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் உயிர்ப்புள்ளி பூச்சியமானால் மயக்கம்தான். ஒவ்வொரு சுற்றும் இருபதுமுகக் கட்டையை உருட்டவேணும்: 10 அல்லது மேலே வெற்றி, கீழே தோல்வி. மூன்று வெற்றி வந்தால் பிழைப்பு, மூன்று தோல்வி வந்தால் சாவு. 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் எழும்பிவிடலாம்.

இப்ப சனம் சாவுக்குப் பயந்து விளையாட்டை இலேசாக்கிப்போட்டுது என்று பழைய ஆட்கள் குறைப்படுவார்கள். நாங்களும் அப்படித்தான் நினைச்சம். அதனால் ஒரு பின்னேரம் இருந்து கணக்குப் போட்டம். ஒருவரும் கிட்ட வராமல் தனியக் கிடந்தால், 20 விழுந்து எழும்புறதையும் சேர்த்துப் பிழைக்கும் வாய்ப்பு 59.5 சதவீதம். அந்தப் பழைய ட்ரவலர் வேவுக்காரனுக்கு 36இல் 21, அதாவது 58.3 சதவீதம்.

கிட்டத்தட்ட ஒன்றுதான்! வித்தியாசம் கட்டையில் இல்லை. வேவுக்காரன் ஒரே உருட்டலில் தனிய முடிந்துபோகிறான். இங்கே குறைந்தது இரண்டு சுற்று அவகாசம் இருக்கிறது, அதற்குள் மேசையில் இருக்கும் ஆராவது சண்டையை விட்டுப்போட்டு ஓடிவரலாம். வராமலும் விடலாம்.

இந்த அவகாசம் வேண்டாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். 2012இல் வந்த டன்ஜன் க்ரோல் க்ளாசிக்ஸில் ஒருவருக்கு மூன்று நாலு சாதாரண ஊராட்களைக் கொடுத்து ஒன்றாகக் குகைக்குள் அனுப்புவார்கள். நாலுமுகக் கட்டைதான் அவர்களின் உயிர். தொழிலையும் கட்டைதான் தரும். போன மாதம் நாங்கள் நாலு பேர் பதினாறு ஆட்களோட உள்ளே போனம். வெளியே வந்தது மூன்று. அதில் ஒருவர் நெல் விவசாயி, உயிர்ப்புள்ளி 2, கையில் ஒரு மண்வெட்டி. முதல் அறையிலேயே முடிஞ்சிடுவார் என்று நினைத்து அவருக்குப் பேர் வைக்கவில்லை. வீட்டுக்குப் போகமுதல் வைச்சம்.