பூட்டுத் திறந்த களஞ்சியம்

இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறப்போர், அது தம் கண்முன் தோன்றுமுன் எங்கோ ஒரு கணினி எத்துணை பாடுபடுகின்றது என எண்ணிப் பார்ப்பதில்லை. பி.எச்.பி. என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்ட பக்கமாயின், அக்கணினி நிரலை முதலில் வாசிக்க வேண்டும். இலக்கணம் பார்த்துச் சிறு சிறு கட்டளைகளாக மாற்ற வேண்டும். பின்னரே இயக்க வேண்டும். இயக்கி முடிந்ததும் மாற்றிய கட்டளைகளை எறிந்துவிடும். மறுவிநாடி வேறொருவர் அதே பக்கத்தைக் கேட்டால், மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். கலியாண வீட்டிலே பந்திக்கு வரும் ஒவ்வொருவருக்கும் புதிதாக நெல்லுக் குற்றி உலையேற்றுவது போன்ற செயல் இது.

றாஸ்மஸ் லேர்டோர்வ் 1995 இல் இதனை வெளியிட்டபோது, சிறு பக்கங்களுக்கான சில கருவிகளாகவே அது இருந்தது. அப்போது இக்குறை எவரையும் வருத்தவில்லை. இஸ்ரேலிய மாணவர் இருவர், சீவ் சுரஸ்கியும் அண்டி குட்மன்சும், அதனைப் புதுக்கி எழுத, 1998 இல் மூன்றாம் பதிப்பு வந்தது. இருவர் பெயரையும் இணைத்துச் 'செண்ட்' எனப் பெயரிட்ட கம்பனி ஒன்றும் எழுந்தது. மாற்றிய கட்டளைகளை நினைவகத்தில் வைத்துத் திரும்பத் திரும்ப எடுத்தாளும் களஞ்சியம் ஒன்றை அக்கம்பனி ஆக்கி விற்றது. பிற்காலத்தில் விலையின்றி வழங்கியபோதும் மூலநிரலை மட்டும் மூடியே வைத்திருந்தது.

ஏழைக்கும் ஒரு களஞ்சியம் வேண்டுமல்லவா? தன்னார்வலர் ஏ.பி.சி. என்னும் திறந்த களஞ்சியத்தை ஆக்கினர். லேர்டோர்வும் அதற்குக் கைகொடுத்தார். ஆறாம் பதிப்பில் அதனை மொழியின் உள்ளேயே சேர்ப்பதாகத் திட்டமிருந்தது. ஆனால் அப்பதிப்பு 2010 இல் கைவிடப்பட்டது. இக்கட்டு அதன் பின்னரே முற்றியது. மொழியின் உட்கட்டமைப்பு மாறுந்தோறும் களஞ்சியத்தையும் திருத்தவேண்டும். திருத்துவோரோ மிகச் சிலர். 2012 மார்ச்சில் 5.4 ஆம் பதிப்பு வந்தபோது ஏ.பி.சி. அதனோடு செவ்வனே பொருந்தவில்லை. புதிய பதிப்பை ஏற்றால் வேகம் போகும். வேகத்தைக் காத்தால் பழைய பதிப்போடு நிற்கவேண்டும். தளங்களை நடத்துவோர் தயங்கியதில் வியப்பில்லை.

2013 தொடக்கத்தில் செண்ட் கம்பனி தன் களஞ்சியத்தின் மூலநிரலைத் திறந்து, மொழியோடு சேர்க்குமாறு முன்வைத்தது. இதை வெறுங் கொடை என்பதற்கில்லை; மொழி தளர்ந்தால் அதனை நம்பிய கம்பனியும் தளரும். ஆயினும் மொழியின் இயந்திரத்தை ஆக்கியோரே களஞ்சியத்தையும் பேணுவது பெரும் வாய்ப்பாயிற்று. மொழியை வளர்ப்போர் வாக்களித்து ஏற்றனர். 2013 ஜூன் 20 இல் வெளிவந்த 5.5 ஆம் பதிப்பில் அது 'ஓப்கேஷ்' என்ற பெயருடன் இடம்பெற்றது.

தானாக இயங்கும்படி அன்று விடப்படவில்லை. கணினியைப் பராமரிப்பவரே அதனை இயக்கிவிட வேண்டியிருந்தது. வழமையான அமைப்பில், கோப்பு மாறியுள்ளதா என 2 விநாடிக்கொருமுறை பார்த்துக்கொள்ளும். சேமித்தது பழையதாகிவிட்டால் பிழையான பக்கம் போகுமன்றோ? ஏ.பி.சி.யின் கட்டளைச் சேமிப்பு வழக்கொழிய, பயனர் தரவைச் சேமிக்கும் பகுதி மட்டும் ஏ.பி.சி.யு. என வேறாக வாழ்ந்தது. 2020 இல் எட்டாம் பதிப்பு வந்தபோது, நிரலை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் பொறியும் ஓப்கேஷின் உள்ளேயே அமைக்கப்பட்டது.