விறைத்த விரிப்பும் வெறும் வயிறும்

மங்களூர் என்றவுடன் மேலைக் கடற்கரைத் துறைமுகத்தை எண்ணிவிட வேண்டா. நாம் சொல்லும் மங்களூர், கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், விருத்தாசலத்துக்கு அப்பால் இருப்பது. மழையை நம்பிய அந்த மேட்டு நிலத்தில் பருத்தியும் விளைகிறது, மக்காச்சோளமும் விளைகிறது. பருத்தி நூலாகித் துணியாகும். மக்காச்சோளமோ, உலகில் இன்று ஆலைகள் எடுக்கும் மாவுப்பொருளின் முதன்மை ஊற்று. துணிக்கு ஏறும் கஞ்சியாவதும் அதுவே. வயலில் அண்டை வீட்டாராய் நின்ற இரு பயிர்கள், எங்கோ ஒரு விடுதியின் மேசைமேல் மறுபடி சந்திக்கக்கூடும்! ஒன்று விரிப்பாக, மற்றொன்று அந்த விரிப்பின் மடிப்புக் குலையாமல் நிறுத்தும் விறைப்பாக.

இந்த விறைப்பில் மாயம் ஏதுமில்லை. மாவுப்பொருளின் நுண்மணிகள் குளிர்நீரில் கரைவதில்லை. ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி வெப்பத்தில் நீரை உறிஞ்சி வீங்கிக் கூழாகின்றன. அக்கூழில் தோய்ந்த துணியின்மேல் சூடான இசுத்திரிப்பெட்டி ஓடும்போது நீர் ஆவியாகிறது, இழைகளின்மீது மெல்லிய படலம் எஞ்சுகிறது. குழம்பும் கறையும் இழையைத் தொடுமுன் அப்படலத்தில் படிகின்றன. அடுத்த வெளுப்பில் படலத்தோடு போய்விடுகின்றன. ஆகவே மேசை விரிப்புக்குச் சற்றுக் கெட்டிக் கஞ்சி தகும். படுக்கை விரிப்புக்கு அது ஆகாது. உடம்பில் உராயும், வியர்வையை வாங்காது. நன்கு நீர்த்த கஞ்சியே போதும். கஞ்சியேற்றிய துணியை மழைக்காலத்தில் பெட்டியில் பூட்டிவைத்தால் பூசணமும் பூச்சியும் விருந்துக்கு வந்துவிடும் என்பதை வீட்டிலுள்ளோர் நன்கறிவர். அடுப்பும் அரிசியும் உள்ள எவரும் செய்யக்கூடிய வேலை இது. இதற்கொரு குலம் எதற்கு?

1564-ஆம் ஆண்டு டிங்கன் என்னும் பிளெமிய நாட்டுப் பெண்ணொருத்தி இலண்டனில் குடியேறினாள். கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாய் நிற்கும் பட்டி அங்கே பெருமக்களின் அணியாயிருந்த காலம். அதற்குக் கஞ்சி போடும் கலையைக் கற்பிக்க அவள் 4, 5 பவுன் வாங்கினாள். கஞ்சி காய்ச்சும் முறைக்குத் தனியே 20 சில்லிங்கு! சீமாட்டிகள் தம் மகளிரை அவளிடம் அனுப்பிக் கற்கச் செய்தனர். கற்பித்தவளும் உயர்ந்தாள், கலையும் மதிப்புப் பெற்றது.

அதே கலை இங்கே என்ன விலை பெற்றது? உவர்மண்ணும் வெள்ளாவியும் நீலமும் கஞ்சியும் அறிந்த வண்ணாருக்கு ஊர் கொடுத்தது, அறுவடைக் களத்தில் சிறிது நெல்லும், அந்தி வேளையில் வீடுதோறும் சட்டியேந்தி வாங்கும் ஊர்ச்சோறும். இலையில் உண்ட நம் நாட்டாருக்கு மேசை விரிப்பு வேண்டியிருக்கவில்லை. அது வெள்ளையரின் பங்களாவோடு வந்தது. கும்பினியார் தம் வாணிகத் துணிகளை வெளுக்கச் சென்னையில் வண்ணார்களைக் குடியேற்றினர். வண்ணாரப்பேட்டை என்ற பெயர் இன்றும் அதற்குச் சான்று. 1734-இல் சிந்தாதிரிப்பேட்டை அமைந்தபோதும் நெசவாளரோடு வெளுப்பவரும் அழைக்கப்பட்டனர். தொழில் தேவைப்பட்டது, தொழிலாளி தேவைப்பட்டான். அவனை வீட்டுக்குள் அழைக்கும் மனந்தான் எவருக்கும் இல்லை.

அதற்கும் கீழே ஒரு படி இருந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் துணி வெளுத்தவர்கள் புதிரை வண்ணார். திருநெல்வேலிப் பக்கத்தில் அவர்கள் கண்ணில் படுவதே தீட்டென்று கருதப்பட்டதால் பகலில் வெளிவராமல் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே வேலை செய்தனர் என்று 1932 டிசம்பரில் சென்னை ஆங்கில நாளேடொன்று எழுதியது. அதை அம்பேத்கர் எடுத்துக்காட்டியிருக்கிறார். அழுக்கை அகற்றியவன் அழுக்கானவன்! அழுக்காக்கியவன் தூயவன்! 2009-இல் அவர்களுக்கென நலவாரியம் அமையும் வரை, அரசின் ஏடுகளிலும் அவர்கள் ஏறக்குறைய இரவில்தான் இருந்தனர்.

கஞ்சி ஏமாற்றவும் பயன்பட்டது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது பருத்தி கிடைக்காமல் லங்காசயர் ஆலைகள் தவித்தன. பாவுக்கு மாவுக்கஞ்சி ஏற்றுவது நெசவின் இயல்பான முறைதான்; அவர்களோ கஞ்சியோடு வெண்களிமண்ணையும் சேர்த்துத் துணியின் எடையைக் கூட்டினர். விருத்தாசலத்தார் அம்மண்ணை நன்கறிவர். பீங்கான் செய்ய உதவும் மண் அது. பீங்கானாக வேண்டியது துணியாக விலைபோயிற்று! இந்தியச் சந்தையில் வாங்கியவன் ஒருமுறை துவைத்தான். மண் ஆற்றோடு போயிற்று, கந்தல் கையில் நின்றது. அங்கேயும் துன்புற்றவன் தொழிலாளியே. தறியிலிருந்து பறந்த களிமண் தூசியால் நெசவாளர் நோயுற, 1872-இல் டாட்மார்டனில் மருத்துவர் புக்கானன் விசாரணை நடத்த நேர்ந்தது.

பின்னர் வந்தது 1943. வங்கப் பஞ்சத்தில் கல்கத்தாத் தெருக்களில் மக்கள் சோறு கேட்கவில்லை. சோறு கேட்டால் கிடைக்காது என்று அறிந்து, வடிகஞ்சி கேட்டார்கள். துணிக்குப் போடும் அதே நீர்! அது கிடைக்காமல் மாண்டவர் இலட்சக்கணக்கானோர்.

அதே 1943-இல், போரினால் கீழைத்தீவுகளிலிருந்து சவ்வரிசியும் மாவும் வருவது நின்றுபோன நிலையில், சேலத்தில் மாணிக்கம் செட்டியார், போபட்லால் ஷாவின் துணையோடு மரவள்ளிக் கிழங்கிலிருந்து அவற்றைச் செய்யத் தொடங்கினார். மறு ஆண்டே மாவட்ட ஆட்சித்தலைவர் குறுக்கே வந்தார். பஞ்சக் காலத்தில் கிழங்கு மக்களின் உணவு, அதை ஆலைக்குக் கொண்டுபோகக் கூடாது, மாவட்டத்தை விட்டு வெளியே அனுப்பவும் கூடாது என்று தடை விதித்தார். தொழிலை நம்பியோர் உணவு வழங்கல் ஆணையரிடம் முறையிட்டனர், தடை நீங்கியது. தடை விதித்ததைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தடை நீடித்திருந்தால் பல்லாயிரம் உழவரின் பிழைப்பு இல்லாமற் போயிருக்கும் என்பதும் உண்மைதான். வழக்கு இரு பசிகளுக்கிடையே நடந்தது. விரிப்பு விரித்து உண்டவர் எவரும் அதில் வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர்.

1981-இல் அங்கே சேகோசர்வ் கூட்டுறவு அமைந்தது. அதன்வழி விலைபோகும் மூட்டைகளில் சவ்வரிசி பாயசத்துக்கும், மாவு ஆலைப் பாவுக்கும் போகின்றன.