மெகாஹெர்ட்ஸ் கணக்கும் காணை ஒன்றியமும்: அலைக்கற்றைக் கையிருப்பை ஒப்பிடும் அளவுகோல் குறித்து

கைப்பேசிச் சேவை நிறுவனங்களை ஒப்பிடும் அறிக்கைகள் பலவும் எந்த நிறுவனத்திடம் எத்தனை மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை இருக்கிறது என்ற அட்டவணையிலிருந்தே தொடங்குகின்றன. கூட்டுத்தொகை பெரிதாக உள்ள நிறுவனமே சிறந்த சேவையைத் தரும் என்ற எண்ணம் அந்த அட்டவணையின் அடியில் சொல்லப்படாமல் கிடக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் காணை போன்ற ஓர் ஊராட்சி ஒன்றியத்தை வைத்துப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது என்பதும், அலை எட்டாத பரப்பெல்லைக் குறையும் தடம் நிரம்பும் நெரிசலும் வெவ்வேறாக இருக்க, உரிமப் பகுதி அளவிலான கூட்டுத்தொகை இரண்டையும் ஒருசேர மறைத்துவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். ஏரியின் கொள்ளளவை மட்டும் சொல்லிக் கடைமடை வயலின் விளைச்சலை யாரும் கணிப்பதில்லை. தொலைத்தொடர்பில் மட்டும் அந்தக் கணிப்பு இன்னும் செல்லுபடியாகிறது.

அலைக்கற்றை என்பது கம்பியில்லாத் தொடர்புக்காக அரசு ஒதுக்கித் தரும் மின்காந்த அலைகளின் அதிர்வெண் பரப்பு. இந்தியா 22 உரிமப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே அது ஏலம் விடப்படுகிறது. தொடக்கத்தில் சென்னைப் பெருநகரம் தனி உரிமப் பகுதியாக இருந்து, 2005-இல் தமிழ்நாட்டுப் பகுதியோடு இணைக்கப்பட்டது; புதுச்சேரியும் இதே பகுதிக்குள் அடங்கும். எனவே இன்று அண்ணா சாலையும் திண்டிவனமும் காணையும் ஒரே உரிமத்தின் கீழ் வருகின்றன. ஒரு நிறுவனம் தமிழ்நாட்டுப் பகுதிக்காக வாங்கிய அலைவரிசையைச் சென்னையிலும் கோவையிலும் மட்டும் இயக்கினாலும், அட்டவணையில் அது விழுப்புரம் மாவட்டத்துக்கும் சேர்த்தே எண்ணப்படும்.

கூட்டுத்தொகை எப்படித் தவறான முடிவுக்கு இட்டுச்செல்கிறது என்பதை 2022 ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 1 வரை நடந்த ஏலமே காட்டுகிறது. அதில் ரிலையன்ஸ் ஜியோ 24,740 மெகாஹெர்ட்ஸை 88,078 கோடி ரூபாய்க்கும், பார்தி ஏர்டெல் 19,867.8 மெகாஹெர்ட்ஸை 43,084 கோடி ரூபாய்க்கும், வோடஃபோன் ஐடியா 6,228 மெகாஹெர்ட்ஸை 18,799 கோடி ரூபாய்க்கும் எடுத்தன. ஜியோ 22 பகுதிகளிலும் 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தலா 1,000 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது; அதாவது மொத்தத்தில் 22,000, ஏறத்தாழ 89 விழுக்காடு. ஏர்டெல் அதே அலைவரிசையில் தலா 800 வாங்கியதால் அதன் பங்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இந்த அலைவரிசை சில நூறு மீட்டருக்கு மேல் பயன்படாது. சுவரையும் மரத்தையும் தாண்டாது. விளையாட்டரங்கு, தொடர்வண்டி நிலையம் போன்ற இடங்களிலும், எதிரெதிரே பார்வை படும்படி வைத்த வீட்டு இணைப்புகளிலுமே அது உதவும். ஆக, அட்டவணையில் முதலிரண்டு இடங்களைப் பெற்றுத்தந்த எண்களில் பத்தில் ஒன்பது பங்கு காணையின் வயல்வெளிக்கு ஏறத்தாழ இல்லாததற்குச் சமம்.

இதற்கு நேர்மாறானது 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. 2016, 2021 ஏலங்களில் அதை வாங்க ஆளில்லை. 2022-இல் நாடு முழுமைக்கும் ஒரு மெகாஹெர்ட்ஸ் இணைக்கு 3,927 கோடி என அடிப்படை விலை குறைக்கப்பட்டபோது, ஜியோ மட்டும் எல்லாப் பகுதிகளிலும் 10 மெகாஹெர்ட்ஸ் இணையை வாங்கியது. இணை என்பது கோபுரத்திலிருந்து கைப்பேசிக்கு ஒரு பட்டையும் கைப்பேசியிலிருந்து கோபுரத்துக்கு இன்னொரு பட்டையும் சேர்ந்தது. இரண்டையும் கூட்டினாலும் 440 மெகாஹெர்ட்ஸ்தான். ஜியோவின் கொள்முதலில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் அதற்குக் கொடுத்த விலை 39,270 கோடி. மொத்தச் செலவில் 44 விழுக்காட்டுக்கு மேல். எல்லா மெகாஹெர்ட்ஸும் ஒன்றல்ல என்பது ஏலத்தில் பணம் கட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒப்பீட்டு அறிக்கை எழுதுவோர்தாம் அதை மறந்துவிடுகின்றனர்.

இந்த விலை வேறுபாட்டின் காரணம் இயற்பியலில் இருக்கிறது. தடையற்ற வெளியில், ஒரேவகை எளிய ஆண்டெனாக்களுக்கிடையே, அலையின் இழப்பு அதிர்வெண்ணின் இருமடிக்கேற்ப வளர்கிறது. 700-ஐவிட, 5ஜிக்குப் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 22 மடங்கு. 5ஜி கோபுரங்களில் பல சிற்றாண்டெனாக்களை ஒருங்கே இயக்கிக் கற்றையைக் குவிப்பதால் இதில் ஒரு பகுதி ஈடாகும் என்றாலும், கான்கிரீட் கூரையையும் அடர்ந்த இலைப்பரப்பையும் ஊடுருவும்போது உயர் அலைவரிசை மீண்டும் தளர்ந்துபோகிறது. மறுபுறம், 1948-இல் கிளாட் ஷனன் வகுத்த தேற்றத்தின்படி ஒரு தடம் சுமக்கக்கூடிய தரவு அதன் அகலத்தோடு நேர்விகிதத்தில் கூடும். குறிப்பலையின் வலிமையைக் கூட்டுவதால் கிடைக்கும் ஆதாயமோ மெல்லவே ஏறும். தாழ் அலைவரிசை தொலைவு செல்லும், ஆனால் குறுகியது; உயர் அலைவரிசை அகலமானது, ஆனால் அருகிலேயே நின்றுவிடும்.

விழுப்புரத்துக்கு மேற்கே அமைந்த காணை, மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றின் தலைமையிடம். கள்ளக்குறிச்சி 2019-இல் பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி நகர்ப்புறத்தார் ஏறக்குறைய 15 விழுக்காட்டினரே. நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் நிலங்களுக்கிடையே சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் இத்தகைய பரப்பில், கிலோமீட்டருக்கு ஒரு கோபுரம் நிறுத்துவது எந்த நிறுவனத்துக்கும் கட்டுபடியாகாது. ஆகவே 3300 மெகாஹெர்ட்ஸ் அலை கடைத்தெருவோடு நின்றுவிட, அதற்கப்பால் உள்ள ஊர்களைத் தாழ் அலைவரிசையே தாங்க வேண்டியிருக்கிறது.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் காணலாம். கோபுரத்தின் ஒரு முகத்தில், அதாவது அது மூன்றாகப் பிரித்து அலைபரப்பும் திசைகளுள் ஒன்றில், 10 மெகாஹெர்ட்ஸ் இறங்குதடம் மட்டும் இயங்குவதாகக் கொள்வோம். ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு ஒன்றரை பிட் என்ற நடைமுறைச் சராசரியை வைத்தால், அம்முகத்துக்குள் இருக்கும் அனைவருக்கும் சேர்த்துக் கிடைப்பது நொடிக்கு 15 மெகாபிட். நடுத்தரத் தெளிவுள்ள ஒரு காணொளிக்கு ஒரு மெகாபிட் தேவையெனில், மாலை ஏழு மணிக்கு பதினைந்து வீடுகளில் காணொளி ஓடினால் தடம் நிரம்பிவிடும். பதினாறாவது ஆளின் கைப்பேசியில் சிக்னல் கோடுகள் அனைத்தும் நிறைந்திருக்கும். திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். அதே முகத்தில் 3300 அலைவரிசையின் 100 மெகாஹெர்ட்ஸ் இயங்கினால், நேரத்தில் ஒரு பகுதியை ஏறுதடத்துக்கு விட்ட பிறகும், நூற்றுக்கணக்கான மெகாபிட்டுகள் கிடைக்கும். ஆனால் அதன் எல்லைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். முதலில் சொன்னது நெரிசல், இரண்டாவது பரப்பெல்லைக் குறை. ஒன்றுக்கு மருந்து அகலமான தடம், மற்றதற்கு மருந்து கூடுதல் கோபுரம். அக்கோபுரத்தைக் கண்ணாடியிழை கொண்டு மைய வலையோடு இணைக்காவிட்டால் இரண்டு மருந்தும் பாதியிலேயே நின்றுவிடும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழை கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்தைத் தனியார் கோபுரங்களும் குத்தகைக்கு எடுக்கும் வாய்ப்பு, அலைக்கற்றை பற்றிய விவாதங்களில் உரிய இடத்தைப் பெறவில்லை.

நெரிசலிலும் வகைகள் உண்டு. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவின் ஊஞ்சல் உற்சவத்துக்குத் திரளும் கூட்டமும், பொங்கல், தீபாவளி விடுமுறைகளில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் தேங்கும் வாகனங்களும் முன்கூட்டியே நாள் தெரிந்த நெரிசல்கள். நடமாடும் கோபுரங்களை நிறுத்தி அவற்றைச் சமாளிக்கலாம். மாலைதோறும் எவரும் கூடாமலே சிற்றூர்களில் உண்டாகும் நெரிசல் அப்படிப்பட்டதன்று, அது செய்தியாவதுமில்லை.

கையிருப்புக்கும் சேவைக்கும் இடையிலான இடைவெளியைத் தமிழ்நாடு ஒருமுறை கண்கூடாகவே கண்டது. 1999-இல் இங்கு தொடங்கி வலுவான வாடிக்கையாளர் தளம் பெற்றிருந்த ஏர்செல், 2300 மெகாஹெர்ட்ஸில் தமிழ்நாடு உட்பட எட்டுப் பகுதிகளில் தான் வைத்திருந்த தலா 20 மெகாஹெர்ட்ஸை 2016-இல் 3,500 கோடி ரூபாய்க்கு ஏர்டெலுக்கு விற்றது. 2018 பிப்ரவரியில் அதன் வலையமைப்பு மாநிலமெங்கும் முடங்கியது. அம்மாத இறுதியில் நிறுவனம் திவால் மனு செய்தது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள மக்கள் முண்டியடித்தனர். பயனர் சுமை மற்ற நிறுவனங்களின் கோபுரங்களுக்கு இடம்பெயர்ந்தது. ஏர்செல்லிடம் எஞ்சிய அலைக்கற்றையோ இடம்பெயராமல் வழக்கில் சிக்கிக்கொண்டது. திவால் நடவடிக்கைக்குள்ளான நிறுவனங்களின் அலைக்கற்றை மீண்டும் ஏலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2024-இல்தான். அந்த ஆண்டு ஜூன் ஏலத்தில் முன்வைக்கப்பட்ட சுமார் 10,500 மெகாஹெர்ட்ஸில் விற்றது 141.4 மட்டுமே. அலைக்கற்றைப் பஞ்சம் என்ற பழைய விளக்கம் இனிப் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒழுங்குமுறை விதிகளும் இதே மயக்கத்துக்கு இடம்கொடுக்கின்றன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2017 அக்டோபரில் அழைப்புத் துண்டிப்புக்கு வகுத்த அளவைகளில் ஒன்றின்படி, ஒரு நிறுவனத்தின் 90 விழுக்காடு அலைக்கூறுகள், அதாவது கோபுர முகங்கள் தாங்கும் பரப்புகள், 90 விழுக்காடு நாள்களில் 2 விழுக்காட்டு வரம்புக்குள் இருந்தால் போதும் என்றிருந்தது. வெறும் சராசரியைவிட இது மேம்பட்டதே. எனினும் மிக மோசமான பத்து விழுக்காடு அலைக்கூறுகள் கணக்குக்கு வெளியே நிற்க முடிந்தது. அவை நகரின் நடுவில் இருக்க வாய்ப்புக் குறைவு. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய விதிமுறை, நிறுவனங்கள் பரப்பெல்லை வரைபடங்களை வெளியிட வேண்டும் என்றது வரவேற்கத்தக்கது. ஆனால் வரைபடம் அலை எட்டுகிறதா என்பதைத்தான் சொல்லும்; எட்டிய அலையில் மாலையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைச் சொல்லாது. நீண்டநேரச் சேவை முடக்கத்துக்கு இழப்பீடு தரும் விதியும் மாவட்டத்தையே அலகாகக் கொள்கிறது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. மாவட்டத்தின் மற்ற இடங்களில் அளவு வேறாக இருந்தது. இத்தகைய பாதிப்புக்கு மாவட்டம் பெரிதினும் பெரிய அலகு.

சேவையைப் பரப்பும் கட்டாயமும் தளர்வானதே. 2010-களின் ஏல நிபந்தனைகள் ஒன்றியத் தலைமையிடங்களில் 30 விழுக்காட்டை ஐந்தாண்டுக்குள் எட்டினால் போதும் என்றும், எவை என்பதை நிறுவனமே தேர்ந்துகொள்ளலாம் என்றும் வகுத்தன. தமிழ்நாட்டின் 388 ஒன்றியங்களில் 117-ஐ எட்டினால் நிபந்தனை நிறைவேறிவிடும். விழுப்புரத்தின் பதின்மூன்றில் ஒன்றுகூட அதில் இடம்பெற வேண்டியதில்லை. போட்டியின் காரணமாக நிறுவனங்கள் இந்த வரம்பை எப்போதோ கடந்துவிட்டன என்று மறுக்கலாம்; 4ஜி பரப்பெல்லையைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மையும்கூட. ஆனால் அதே போட்டி, ஆள்நெருக்கம் குறைந்த இடத்தில் கூடுதல் தடம் திறக்க எவரையும் தூண்டவில்லை. 700, 3300 ஆகிய அலைவரிசைகளை அரசிடமிருந்து நேரடியாகப் பெற்று, 2025 செப்டம்பரில் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் 4ஜி வலையமைப்பைத் தொடங்கிவைத்த பி.எஸ்.என்.எல். இந்த இடத்தை நிரப்பக்கூடும். அதற்கும் கோபுர அடர்த்தியே அளவுகோல், ஒதுக்கீட்டு ஆணை அல்ல.

தீர்வுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. போதிய காரணமின்றிப் பயன்படுத்தப்படாத அலைக்கற்றையை முழுமையாகவோ பகுதியாகவோ திரும்பப் பெறும் அதிகாரத்தைத் தொலைத்தொடர்புச் சட்டம், 2023-இன் ஏழாம் பிரிவு நடுவண் அரசுக்கு அளிக்கிறது. அப்பிரிவு 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. பயன்பாடு என்பதை உரிமப் பகுதி அளவில் அளக்காமல் ஊராட்சி ஒன்றிய அளவில் அளந்து, ஒவ்வொரு ஒன்றியத்திலும் எந்த நிறுவனம் எந்த அலைவரிசையை எத்தனை கோபுரங்களில் இயக்குகிறது என்பதையும், நெரிசல் மிகுந்த மணியில் அவை எவ்வளவு நிரம்புகின்றன என்பதையும் டிராய் மாதந்தோறும் வெளியிட வேண்டும். ஒன்றியத்தில் இயங்காத அலைவரிசையை அங்கு மட்டும் பிறருக்குக் குத்தகைக்கு விடச் செய்ய வேண்டும். அதுவரை, தமிழ்நாட்டுக்கென அச்சாகும் மெகாஹெர்ட்ஸ் அட்டவணை எதையும் காணைக்குப் பொருத்திப் படிப்பது தவறு.